வந்த நோக்கம்: வேலைக்கு

வேலையில் சேர்ந்த அன்று அவள் ஒரு கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் மேனேஜர் ஒரு டீ குடித்து முடித்தார், இரண்டு போன் பேசினார், மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கே பக்கம்தான் அந்த வேலை உத்தரவு. எங்கள் ஸ்கேன் சென்டரில் அதுவரை சேர்ந்த யாரும் அதைப் படித்ததில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அவளோ முதல் வரியில் விரலை வைத்து, வரி வரியாக இறங்கி வந்தாள்.

“அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார் மேனேஜர்.

“சரிங்க சார்” என்றாள். விரல் நிற்கவில்லை.

படித்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, “இதுல எனக்கு ஒரு காப்பி வேணும் சார்” என்றாள்.

ஜெராக்ஸ் மெஷின் என் மேஜைக்குப் பின்னால்தான் இருந்தது. ரிசப்ஷனில் உட்கார்ந்து பில் போடுவது என் வேலை. நான்கு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தபோது அவள் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு வந்த பெண்ணுக்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். சேருகிறவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது எங்கள் சென்டர் வழக்கம். அவளிடமும் வாங்கினார்கள். அவள் அதற்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சீல் வைத்த ஒரு சீட்டு வாங்கிக்கொண்டுதான் எக்ஸ்ரே அறைக்குள் போனாள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் கடலூருக்குப் பஸ்ஸில் வருவாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபைல். சில்லறை இல்லாவிட்டால் பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவது எங்கும் உள்ளதுதான். இவள் அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்தும் கேட்பாள். அந்த ரூட் கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவள் ஏறினால் முதலில் சில்லறையைத் தேடுவார்களாம்.

வாயால் சொன்னதை நம்பாதவள் என்று சொல்லிவிட முடியாது. நம்புவாள். ஆனால் தாளில் பார்த்தால்தான் அவளுக்கு ஒரு விஷயம் முழுசாக நடந்த மாதிரி இருக்கும்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுவிட்டு, “எங்களுக்கு எதுவும் வேணாம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்களாம். உள்ளேயிருந்த இவள் வெளியே வந்து, “என்னென்ன செய்யணும்னு ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எங்கப்பாவுக்கு வசதியா இருக்கும்” என்றாளாம். அந்த இடம் அதோடு முடிந்தது. அம்மா இரண்டு வாரம் பேசவில்லை.

“ஏம்மா இப்படி?” என்று கேட்டேன்.

“எங்கப்பா ஒரு கம்பெனியில பதினாறு வருஷம் இருந்தாருண்ணா. உன்ன பர்மனென்ட் பண்ணிடறோம், பண்ணிடறோம்னு வாயாலயே சொல்லிக்கினு இருந்தாங்க. கடைசியா போய்க் கேட்டப்ப, அப்பிடி யாரு சொன்னதுன்னு கேட்டாங்க.” தயிர்சாதத்தில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். “யாரு சொன்னாங்கன்னு எங்கப்பாவுக்கே மறந்துபோச்சு. அவ்ளோ பேரு சொல்லியிருக்காங்க.”

அவளால் எக்ஸ்ரே அறை வாசலில் கூட்டம் தேங்கும். பெண்கள் யார் வந்தாலும், கர்ப்பமா இல்லையா, கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மேனேஜர் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. ஒருநாள் பரங்கிப்பேட்டையிலிருந்து மாமியாரோடு ஒரு புதுப்பெண் வந்தது. இடுப்பு வலி. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, சீக்கிரம் எடுங்க” என்றார் மாமியார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. இவள் தாளையும் பேனாவையும் நீட்டினாள். பெண் எழுதியது: ‘பத்து நாள் தள்ளியிருக்கு. வீட்ல இன்னும் சொல்லல.’ இவள் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு, மாமியாரிடம், “டாக்டர ஒருதடவ பாத்துட்டு வாங்கம்மா, சீட்டுல ஒண்ணு கேக்கணும்” என்று மட்டும் சொன்னாள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. அன்றோடு என் எரிச்சல் போய்விட்டது. வாயால் சொல்ல முடியாதவர்களுக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

எங்கள் சென்டரில் இன்னொரு வழக்கம் இருந்தது. யாராவது ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து வர வேணாம்” என்று சொல்லிவிடுவார். வெளியூரில் இருக்கும் முதலாளியின் உத்தரவு அது. போகப்போகிறவனுக்கு ஒரு மாதச் சம்பளம் எதற்கு என்பது அவர் கணக்கு. லேபில் இருந்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள். பதினொரு வருஷமாகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அக்காவும் அப்படித்தான் போனார். முட்டிவலி தாங்கவில்லை, அடுத்த மாசத்தோடு நின்றுகொள்கிறேன் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த மாசம் எதுக்கு, இன்னைக்கே நின்னுக்க என்றார்கள். ஈர மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே போனார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அன்று இவள் மட்டும் மேனேஜர் அறைக்குள் போய், “சார், ஆர்டர்ல ரெண்டு பக்கமும் ஒரு மாசம் நோட்டீஸ்னு போட்டிருக்கே?” என்று கேட்டாள்.

“ஒன் வேலையப் பாரும்மா” என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் ஜாஸ்தி. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடும் அனுபவச் சான்றிதழோடும் வந்து சேர வேண்டும். அந்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் ராஜினாமாவைக் கொடுத்தாள். உத்தரவில் உள்ளபடி ஒரு மாதம் முன்னறிவிப்புத் தருகிறேன், கடைசி நாள்வரை வேலை செய்வேன் என்று எழுதி, பிரதியில் மேனேஜரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

“நாளையிலேர்ந்து வர வேணாம்மா.”

“சரிங்க சார். அத எழுதிக் குடுத்துடுங்க.”

“இன்னாத்த எழுதறது? வர வேணாம்னா வர வேணாம்.”

“நீங்க எழுதிக் குடுக்காம நான் வரலன்னா, நானா நின்னுட்டேன்னு ஆயிடும் சார்.”

“ஆமா, நீயாத்தான் நிக்கற. ஒரு மாசம் வேல செய்யாம போறதுக்கு நீதான் எங்களுக்குப் பணம் கட்டணும். அதக் கட்டிட்டு சர்டிபிகேட்ட வாங்கிக்க.”

அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சர்டிபிகேட் இல்லாமல் சிதம்பரத்தில் சேர முடியாது. ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சரியாக ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெயரை எடுத்துவிட்டார்கள். என் மேஜைக்கு வந்தாள்.

“ஸ்டாஃப்னா விரல் வெக்கணும். என்ன எடுத்துட்டாங்க. அப்ப நான் விசிட்டர்தானேண்ணா? ரிஜிஸ்டரக் குடுங்க.”

வருகிறவர்கள் பெயர், ஊர், நேரம், வந்த நோக்கம், கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு அது. நேரத்தை எழுதுவது என் பொறுப்பு. நான் 9.00 என்று எழுதினேன். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் அவள், ‘வேலைக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நோயாளிகள் உட்காரும் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை ஐந்தரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். எக்ஸ்ரே அறைக்குத் தற்காலிகமாக வந்திருந்த பையன் ஈய அங்கி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திணறியபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். வழி கேட்ட நோயாளிகளுக்கு வழி சொன்னாள். மேனேஜர் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து, “குட் மார்னிங் சார்” என்றாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுவாளாம்: ‘இன்று காலை 9 மணிக்கு வேலைக்கு வந்தேன். வேலை தரவில்லை. நாளையும் வருவேன்.’ அவர் படித்துவிட்டதற்கான நீலக் குறி உடனே விழும். பதில் வராது.

ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் காலையில் ஏறக்குறைய ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மேனேஜருக்கு ராத்திரியோ காலையிலோ பொறுமை தீர்ந்திருக்க வேண்டும். ‘உன்னை ஒண்ணாம் தேதியே நிறுத்தியாச்சு. இனிமே சென்டர் பக்கம் வராதே.’

“அண்ணா, எழுதிக் குடுத்துட்டாரு!”

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நின்றாள். வேலை போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று ரிஜிஸ்டரைக் கேட்கவில்லை. நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தாள்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “விசிட்டர் ரிஜிஸ்டர எடுத்துக்கினு என்னோட வா. அவ வந்ததுக்கு எங்கயும் பதிவு இல்ல. மெஷின்லயும் இல்ல, இதுலயும் இருக்காது. அதக் காட்டினா போதும்.” அந்த நோட்டை அவர் ஒருநாளும் திறந்து பார்த்தவர் இல்லை.

அவர் பைக் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், மடியில் ரிஜிஸ்டர். பாலத்தின் மேல் போகும்போது தலையைத் திருப்பி, “உன்னக் கேட்டா, வரலன்னு சொல்லிடு. ஒரே வார்த்த. புரியுதா?” என்றார். நான் “ம்” என்றேன். இந்த வேலைக்கு முன்னால் எட்டு மாதம் சும்மா இருந்தவன் நான். அந்த எட்டு மாதத்தில் என் மனைவி கடைக்காரரிடம் என்னென்ன பேச்சு கேட்டாள் என்று எனக்குத்தான் தெரியும். வண்டி நிற்கும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையை விலக்கிக்கொண்டாள். சாட்சி சொல்ல வா என்று அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

விசாரித்த அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. மனுவைப் படித்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு ராஜினாமா குடுத்துட்டு மறுநாள்லேர்ந்து வரவே இல்லைங்க மேடம். வராம மெசேஜ் மட்டும் போட்டுக்கினு இருந்துச்சு. தொல்ல தாங்காம கோவத்துல நான் அப்பிடி ஒரு பதில் போட்டேன். நோட்டீஸ் பீரியட் வேல செய்யாததுக்கு எங்களுக்குத்தான் பணம் வரணும். வேணும்னா ரிஜிஸ்டரப் பாருங்க.”

நான் நோட்டை மேஜை மேல் வைத்தேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார். இரண்டாம் தேதிப் பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்தது.

“வந்த நோக்கம், வேலைக்கு” என்று உரக்கப் படித்தார். “வேலைக்கு. வேலைக்கு. வேலைக்கு. ஒன்பது நாள் இருக்கே சார்?”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. “இது… பின்னாடி எழுதினதா இருக்கும் மேடம்.”

“நேரம் எழுதியிருக்கறது யாரு?”

“நான்தாங்க மேடம்” என்றேன். “ஒன்பது நாளும் வந்தாங்க. காலையில ஒன்பது மணிக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. சார் அவுங்கள வேல செய்ய விடல.”

மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“நோட்டீஸ்ங்கறது ரெண்டு பக்கத்துக்கும்தான் சார். இவுங்க மாசக் கடைசி வரைக்கும் வேலை செய்யறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ராஜினாமா அன்னைக்குத்தான் நடப்புக்கு வருது. அதுக்கு முன்னாடியே நிறுத்தினது நீங்க. அவுங்களுக்கு வேலை குடுக்க உங்களுக்கு இஷ்டமில்லன்னா, அந்த மாசச் சம்பளத்தக் குடுத்துட்டு அனுப்புங்க. ரெண்டையும் குடுக்க மாட்டேன்னா எப்பிடி? சர்டிபிகேட்ட பூட்டி வெக்கறதுக்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்ல.”

மேனேஜர் வெளியே போய் முதலாளிக்குப் போன் பேசினார். பத்து நிமிஷம் நடந்துகொண்டே பேசினார். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். முழு மாதச் சம்பளம், ஒரிஜினல்கள், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். நான்கு நாள் கழித்து எல்லாவற்றையும் அதே மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அன்று நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஒப்பந்தத் தாளை அவள் முன்னால் நகர்த்தினார்கள். அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தோம். கடைசிப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

“மேடம், இதுல ‘இவர் தாமாக வேலையிலிருந்து நின்றதால்’னு இருக்கு. நான் தானா நிக்கல. நிறுத்தினாங்க. அத மாத்திடலாமா?”

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். மாற்றி, மறுபடி அச்செடுத்து வர அரைமணி நேரம் ஆனது. அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

வெளியே வந்ததும் எதிர் டீக்கடையில் எனக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள். “நான் உங்களக் கேக்கவே இல்லியேண்ணா. ஏன் சொன்னீங்க?” என்றாள். “நேரம் எழுதினது என் கையாச்சேம்மா” என்றேன்.

நான் தினமும் வேலை போகும் என்று எதிர்பார்த்துத்தான் சென்டருக்குப் போனேன். மேனேஜர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், நேத்து கலெக்‌ஷன் எவ்வளவு என்று கேட்டார். அவ்வளவுதான். என்னை நிறுத்துவதென்றால் எழுத வேண்டும். எழுதுவதற்கு இப்போது அவருக்குக் கை வரவில்லை.

அவள் ஒன்றாம் தேதி சிதம்பரத்தில் சேர்ந்தாள். கதை அங்கேயே நின்றிருந்தாலும் அவளை நான் மறந்திருக்க மாட்டேன். ஆனால் சேர்ந்த இரண்டாம் வாரமே போன் செய்தாள். “அண்ணா, பெருக்கற அக்கா வீடு எங்க இருக்குன்னு தெரியுமா? அந்த மேடம்கிட்ட கேட்டேன். பதினோரு வருஷம் வேல செஞ்சிருந்தா பணிக்கொடையே வருமாம்.”

அக்காவைத் தேடிப் போனோம். அவரிடம் உத்தரவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கைநாட்டு வைத்து, சம்பளத்தைக் கவரில் வாங்கியவர். “எனக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம்? அவுங்க குடுக்க மாட்டாங்க” என்றார். இவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்தே இல்லாத இடத்தில் அவளுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஆயுதபூஜை போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்ததும் எல்லோரையும் நிற்க வைத்து எடுப்பார்கள். பின்னால் சுவரில் சென்டர் பெயரும் வருஷமும் போட்ட பேனர் இருக்கும். நான் சேருவதற்கு முந்தைய வருஷத்துப் படங்கள் உட்பட, சென்டர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த எல்லாவற்றையும் நான் என் போனில் சேர்த்து வைத்திருந்தேன். வரிசையாகத் தள்ளிப் பார்த்தோம். பதினொரு போட்டோ. பதினொன்றிலும் ஓரத்தில், சுண்டல் தட்டோடு, அக்கா.

இந்த முறை ஒரே நாளில் முடியவில்லை. ஏழெட்டு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் சம்பளத்தை விட்டு லீவு போட்டுச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். முதலாளி வக்கீல் வைத்துப் பார்த்தார். போட்டோவில் நிற்கிறவரெல்லாம் ஊழியரா என்று அந்த வக்கீல் கேட்டபோது, “அப்ப சார், அதே போட்டோவுல நடுவுல நிக்கற மேனேஜர் யாருங்க?” என்று இவள் கேட்டாள். எட்டு மாதம் கழித்து, நிறுத்திய மாதத்துச் சம்பளமும் பதினொரு வருஷத்துப் பணிக்கொடையும் சேர்த்து அக்காவின் பெயருக்குச் செக் வந்தது. லேபில் இருந்த இருவரும் அதைக் கேள்விப்பட்டு, தங்களுக்கு வர வேண்டிய ஒரு மாதச் சம்பளத்தைத் தாங்களே போய் வாங்கிக்கொண்டார்கள்.

செக் மாறிய வாரம் அக்கா எனக்குப் போன் செய்தார். “தம்பி, இந்த முட்டிய ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். ஆனா இங்க வேணாம். பாப்பாகிட்டதான் எடுத்துக்குவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் போனேன். சிதம்பரத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்கச் சொன்னார், அவரே காசு கொடுத்தார். ஆஸ்பத்திரி கவுண்டரில் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு, புதுப் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். பதினொரு வருஷம் எக்ஸ்ரே அறையைத் துடைத்தவர், அந்த மேஜை மேல் அன்றுதான் முதன்முதலாக ஏறிப் படுத்தார். இவள் அவர் காலை நேராக்கி, முட்டிக்குக் கீழே பிளேட்டை வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

“ரெடியாக்கா?”

பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், அக்கா கன்னம் இரண்டும் உப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடக்கிறார்.

“அய்யோ அக்கா, மூச்ச விடுங்க! அது நெஞ்சுக்கு எடுக்கறதுக்கு. முட்டிக்கு மூச்செல்லாம் புடிக்க வேணாம்!”

அக்கா புஸ்ஸென்று மூச்சை விட்டார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேஜை மேல் படுத்திருந்த அக்காவும் வயிறு குலுங்கச் சிரித்ததில் முதல் படம் முழுக்க ஆடிப்போய், இரண்டாவது ஒன்று எடுக்க வேண்டியதாயிற்று.